வானவில் ஏறிய குண்டான்

அத்தியாயம் 7

“இதே அளவுக்கு ஒரு எவர்சில்வர் குண்டான் வேணும்மா. விளிம்புல பேரும் வெட்டணும்.”

“வெட்டிடலாம் சார். என்ன பேரு?”

“தாய்மாமன் பழனிசாமி அன்பளிப்பு.”

“பழனிசாமிங்கிறது நீங்களா?”

“இல்ல.”

“அன்பளிப்பு அவருது, காசு உங்களுதா? இப்படி ஒருத்தர் எனக்கும் கிடைச்சா தேவலை சார்.”

“கிண்டல் பண்ணாதேம்மா. இருக்கா, இல்லையா?”

“இந்த சைஸ் அடுத்த கப்பல்லதான் வரும்.”

“கப்பல் எப்ப வரும்?”

“அரே, ஹார்பர் ஆபீஸ் ஹெட் கிளார்க் நீங்க. கப்பல் எப்ப வரும்னு என்கிட்ட கேக்குறீங்க?”

அளவுக்காகக் கொண்டுவந்திருந்த நூலை அந்த மனிதர் அவசரமாகச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். படி இறங்கினார். மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்தார். “இது நம்மளுக்குள்ள இருக்கட்டும்” என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அபர்டீன் பஜாரில் தன் வாப்பா அப்துல் ஜப்பாரின் பாத்திரக் கடையில் நடந்த இந்தப் பேச்சை, டெலானிபூர் மேட்டில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டே சபீஹா ஒரு வரி விடாமல் ஒப்பித்து முடித்தாள். கேட்டுக்கொண்டு முன்னால் நடந்தவள் நீலாவதி. வாரநாளில் அரசாங்க அலுவலகத்தில் ஸ்டெனோ. ஞாயிற்றுக்கிழமைகளில், போர்ட் பிளேர் தமிழ்க் குடும்பங்கள் போலீசுக்குச் சொல்லக் கூச்சப்படும் விஷயங்களையெல்லாம் கொண்டுவந்து கொட்டுகிற இடம். காணாமல் போன கம்மலும், கையெழுத்தில்லாத காதல் கடிதமும், திருடு போன சேவலும் அவளிடம்தான் வந்து சேரும். ஊர் அவளைத் ‘துப்பறியும் டீச்சர்’ என்றது. அவள் டீச்சர் இல்லை என்பதைப் பற்றி ஊருக்குக் கவலையில்லை.

“இதை ஏன் முன்னாடியே சொல்லலை?”

“நம்மளுக்குள்ள இருக்கட்டும்னாரே அக்கா. இருந்துச்சு. இப்ப வழிஞ்சிடுச்சு.”

“அந்த ஹெட் கிளார்க் ஜம்புலிங்கம் சார் வீட்டுக்குத்தான் இப்போ போறோம்.”

சபீஹா நின்றுவிட்டாள். “யா அல்லா! அந்தக் குண்டானா இந்தக் குண்டான்?”

அந்தக் குண்டானேதான். ஜம்புலிங்கத்தின் மகன் இராமகிருஷ்ணனுக்குச் சமீபத்தில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் ஜெயலட்சுமி, திருநெல்வேலிப் பக்கம். பித்தளையை ஓரங்கட்டிவிட்டு எவர்சில்வர் எல்லார் வீட்டுப் பரணிலும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அவளுடைய தாய்மாமன் பெரிய குண்டான் ஒன்று வாங்கி, பெயர் வெட்டி, சீர்வரிசையோடு கப்பலேற்றியிருந்தார். புது மாப்பிள்ளை டூட்டி என்று கார் நிக்கோபாருக்குப் போய்விட்டான். அவன் போன கொஞ்ச நாளில், ஒரு நாள் காலையில் குண்டானை இறக்கிப் பார்த்த மாமியார் விசாலாட்சி வீறிட்டார். பளிங்கு மாதிரி இருந்த பாத்திரம் நீலமும் பொன்னும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது.

‘போலி எவர்சில்வர்! ஏமாத்திட்டாக!’ என்று தொடங்கியவர் ஓயவில்லை. கடைசியில் தீர்ப்பும் சொல்லிவிட்டார். மருமகள் அடுத்த மெயின்லேண்டு கப்பலில் ஊருக்குப் போக வேண்டும். அசல் பாத்திரத்தோடுதான் திரும்ப வேண்டும். புருஷன் வருவதற்குள் பெண்டாட்டி கப்பலேறிவிட்டால், அவள் மறுபடி வருவாளா, யார் கூட்டி வருவார்கள் என்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. குழாயடியில் நீலாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“எனக்குப் புரிஞ்சுபோச்சு அக்கா” என்றாள் சபீஹா. “அசலை யாருக்கோ வித்துட்டாங்க. அதே அளவுல போலி செஞ்சு, பேரு வெட்டி, பரண்ல வச்சுட்டாங்க. பழியை மருமக தலையில போட்டுட்டா இன்னொரு குண்டான் இலவசம். நம்ம கடையில கிடைக்கலைன்னதும் வேற எங்கயோ செஞ்சிருக்காரு அந்த மனுஷன். கேஸ் கதம், முடிஞ்சுபோச்சு!”

“காந்தம் கொண்டு வந்தியா?”

“வாப்பாவோடது. கடைக்கு ஒரே ஒரு காந்தம். தொலைச்சேன்னா என்னையே கடையில தொங்க விட்டுருவாரு.”

விசாலாட்சி அவர்களை வாசலிலேயே வரவேற்றார். ஒளிக்கிற ஆளாக அவர் தெரியவில்லை. ஊரைக் கூட்டிக் காட்டுகிற ஆளாகத்தான் தெரிந்தார்.

“வாங்கம்மா, வாங்க. பாக்கணும்னு வந்தியளா? நல்லாப் பாருங்க. கழுவக்கூட விடல நான். அப்படியே சாட்சிக்கு வச்சிருக்கேன்.”

கோணிப்பையை உதறினார். குண்டான் உருண்டு வந்து கூடத்தின் நடுவில் நின்றது. அடுக்களைக் கதவோரம் ஜெயலட்சுமி முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

குண்டானின் உட்புறத்தில் அடியில் தொடங்கிப் பாதி உயரம் வரை வானவில்.

“மயில் கழுத்தாட்டம் இருக்கா? எங்க வீட்டுப் பித்தளை இப்படிப் பல்லை இளிச்சதில்ல” என்றார் விசாலாட்சி.

“பாக்க அழகாத்தான் இருக்கு மாமி. சேலையில இந்த நிறம் வந்தா நானே எடுத்துக்குவேன்” என்றாள் சபீஹா. நீலாவதியின் முழங்கை அவள் விலாவில் மெல்ல இறங்கியது.

சபீஹா காந்தத்தை எடுத்தாள். ஒட்டும், போலி என்று தெரியும், ஜம்புலிங்கத்தின் முகமூடி கிழியும் என்று மலை ஏறும்போதே முடிவு செய்து வைத்திருந்தாள். காந்தம் ஒட்டவில்லை. அடியில் வைத்தாள், விலாவில் வைத்தாள், விளிம்பில் வைத்தாள். சொத்தென்று தரையில் விழுந்தது. அருகிலிருந்த அரிவாள்மணையைக் கண்டதும் தாவிப் போய் ஒட்டிக்கொண்டது.

பெயர் வெட்டிய இடத்தைக் கூர்ந்து பார்த்தாள். புள்ளி புள்ளியாக உளியால் தட்டிய எழுத்துகள். கடையில் பெயர் வெட்டுவது அவள் வேலை. அந்தமானில் உளி பிடிக்கிறவர்களின் கை அவளுக்கு அத்துப்படி. இது அவர்களில் யார் கையும் இல்லை.

“அக்கா,” என்றாள் சுரத்தில்லாமல், “மால் அசல். எழுத்தும் மெயின்லேண்டு எழுத்துதான். யாரும் எதையும் மாத்தலை. என் கேஸ் செத்துப்போச்சு.”

“அசல்னா ஏன் இந்தக் கோலம்?” விசாலாட்சி விடவில்லை.

“கொஞ்சம் புளி குடுங்க மாமி” என்றாள் நீலாவதி.

ஜெயலட்சுமி ஓடிப்போய் ஊறிய புளியை எடுத்து வந்தாள். நீலாவதி குண்டானை மடியில் சாய்த்து, ஓர் ஓரத்தில் புளியை வைத்து மெதுவாகத் தேய்த்தாள். ஊதா போனது. நீலம் மங்கியது. பொன்னிறம் மட்டும் சற்று அடம்பிடித்துவிட்டு அதுவும் போனது. தண்ணீர் விட்டு அலசி, உலர்ந்த துணியால் துடைத்ததும், அந்த ஓரத்தில் விசாலாட்சியின் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்த முகம்.

“போலியா இருந்தா உள்ளேயிருந்து துரு வந்திருக்கும். இது மேல படிஞ்ச சூட்டு நிறம். உள்ள ஒண்ணுமே இல்லாம அடுப்பு மேல ரொம்ப நேரம் காய்ஞ்சா எவர்சில்வருக்கு இப்படி ஆகும். புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்ச்சாப் போயிடும்.”

“அப்ப இவதான் அடுப்புல வச்சுட்டுத் தூங்கிட்டா!”

“நான் தொடவேயில்ல அத்தை” என்றாள் ஜெயலட்சுமி. குரல் பாதியிலேயே உடைந்தது.

“இருங்க மாமி. நிறம் போயிடுச்சு, இது போகலை பாருங்க.” நீலாவதி உள்பக்க அடியைக் காட்டினாள். ஊசியால் குத்தினாற்போல நுண்ணிய குழிகள். அவற்றைச் சுற்றிக் கரடுமுரடான கீறல்கள். “இந்தக் கீறல் மணல் போட்டுத் தேய்ச்சது. பாத்திரம் தேய்ச்சுப் பழக்கமில்லாத கை. குழி வேற விஷயம்.”

“உப்பு!” என்றாள் சபீஹா. இந்த ஒன்றாவது அவளுக்குத் தெரிந்திருந்தது. “வாங்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் வாப்பா படிச்சுப் படிச்சுச் சொல்வாரு. தண்ணி கொதிச்சப்புறம் உப்பு போடுங்க, உப்புத் தண்ணியை அப்படியே விட்டு வைக்காதீங்க, இல்லைன்னா எவர்சில்வருக்கு அம்மை போட்டுரும்னு. யாரு கேக்குறா? குழி விழுந்தப்புறம் சண்டைக்குத்தான் வருவாங்க.”

நீலாவதி கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தாள். அவள் அப்படிச் செய்தால் விஷயம் நெருங்கிவிட்டது என்று சபீஹாவுக்குத் தெரியும். குண்டானைத் திருப்பி, தாய்மாமன் பழனிசாமியின் பெயரை விரலால் தடவினாள். உள்பக்கம் தேய்த்த கை விளிம்பின் வெளிப்புறத்தை மறந்திருந்தது. எழுத்துகளின் புள்ளிகளுக்குள் வெள்ளை வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

“ஐயோ, என்னக்கா இது! தாய்மாமனையே நக்கிப் பாக்குறீங்க!”

“நீயும் பாரு.”

சபீஹா பார்த்தாள். முகம் கோணியது. “உப்புதான். ஆனா கசக்குது.”

“மாமி, உங்க வீட்டு உப்பு கொஞ்சம் குடுங்க, ஒப்பிட்டுப் பாக்க.”

 விசாலாட்சி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். அடுக்களையைத் தாண்டிப் பூஜை அலமாரிக்குப் போய், பூட்டைத் திறந்து, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பீங்கான் ஜாடியை எடுத்து வந்தார். சபீஹாவின் புருவம் ஏறியது.

“நகையை எங்க மாமி வைப்பீங்க? அஞ்சறைப் பெட்டியிலயா?”

“சிரிக்காதே புள்ள. அவுகளுக்குப் பிரஷர். உப்பு கம்மியாச் சாப்பிடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கம்மின்னா எம்புட்டுன்னு யாரு கண்டா? அதான் இல்லவே இல்லைன்னு வச்சுட்டேன். மழைக்கு முன்னால தொடங்கினது. வீட்டுல யாருக்கும் உப்பு கிடையாது. எனக்கும் கிடையாது. ஆபீஸ் கேன்டீன்காரன்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.”

ஜாடி உப்பில் கசப்பு இல்லை. நீலாவதி தலையாட்டினாள்.

“இது கடையில வாங்கின உப்பு. குண்டான்ல இருக்குறது கடல் தண்ணியை அப்படியே காய்ச்சின உப்பு. அதான் கசப்பு. யாரோ இந்தக் குண்டான்ல கடலைக் கொதிக்க வச்சு உப்பு எடுத்திருக்காங்க. தண்ணி வத்தினது தெரியாம விட்டுட்டாங்க.”

விசாலாட்சி ஜாடியின் மூடியை அழுத்தி மூடினார்.

“சாவி வச்சிருக்கிறவங்களுக்குக் கடல் எதுக்கு?” என்றாள் சபீஹா, தன்னையறியாமல். சொன்ன பிறகுதான் அது எங்கே போய் முட்டும் என்று உறைத்தது. விசாலாட்சி ஏற்கெனவே மருமகள் பக்கம் திரும்பிவிட்டார்.

“அப்ப இவதான்! என் சமையல் உப்புச் சப்பில்லைன்னு திருட்டுத்தனமா உப்பு காய்ச்சியிருக்கா! அத்தை, அத்தைன்னு பூனை மாதிரி இருந்துக்கிட்டு! கப்பல் வரட்டும்.”

“இல்ல அத்தை. எனக்குக் கடலுக்குப் போற வழியே தெரியாது. அதுவும் போக...” ஜெயலட்சுமி நிறுத்தினாள். பிறகு, போகிற மானம் போகட்டும் என்பதுபோலச் சொல்லிவிட்டாள். “அம்மா குடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் டிரங்குப் பெட்டியில இருக்கு. தினம் ஒரு துண்டு சாப்பிடுதேன். எனக்கு உப்பு காய்ச்ச வேண்டியதே இல்ல.”

விசாலாட்சிக்கு எந்தக் குற்றத்துக்கு முதலில் கோபப்படுவது என்று தெரியவில்லை.

“கப்பல் எப்ப மாமி?” நீலாவதி சாதாரணமாகக் கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை. ஆனா டிக்கெட்டுதான் இன்னும் கிடைக்கலையாம். அவுகளும் தினம் போய்க் கேக்குதாக. கீழ்த்தட்டு பங்க் கிளாஸ்லகூட இடமில்லையாம்.”

சபீஹா திரும்பி நீலாவதியைப் பார்த்தாள். ஹார்பர் ஆபீஸ் ஹெட் கிளார்க்குக்கு டிக்கெட் இல்லை என்றால் கப்பல் கேப்டனே நீந்தித்தான் போக வேண்டும். சொல்ல வாயெடுத்தாள். நீலாவதி கண்ணால் தடுத்தாள். வாசலில் செருப்புச் சத்தம்.

டாக்டர் சொன்ன காலை நடையை முடித்துக்கொண்டு ஜம்புலிங்கம் உள்ளே வந்தார். ஒரு கையில் குடை, தோளில் பிளாஸ்க். கூடத்தின் நடுவில் குண்டானையும், அதன் பக்கத்தில் பாத்திரக் கடைப் பெண்ணையும் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

“நடந்து வந்தாச்சா சார்? கடற்கரை வரைக்குமா?” என்றாள் நீலாவதி.

“ஆமா. டாக்டர்... நடக்கச் சொன்னார்.”

“பிளாஸ்க்ல?”

“சீரகத் தண்ணி” என்றார் விசாலாட்சி முந்திக்கொண்டு. “நான்தான் போட்டுக் குடுப்பேன்.”

“சபீஹா, மேடு ஏறி வந்தியே, உனக்குத் தாகமா இருக்குல்ல?” நீலாவதியின் குரலில் தேன் ஒழுகியது. அந்தத் தேனைச் சந்தேகித்திருக்க வேண்டும். ஆனால் சபீஹாவுக்கு நிஜமாகவே தொண்டை வறண்டிருந்தது.

“வேண்டாம், ஆறிப்போச்சு...” என்று ஜம்புலிங்கம் பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டார்.

“வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க என்ன கஞ்சத்தனம்!” விசாலாட்சி அதைப் பிடுங்கினார். டம்ளர் வழிய ஊற்றி நீட்டினார். சபீஹா அண்ணாந்து ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டாள்.

வங்காள விரிகுடா அவள் வாய்க்குள் இறங்கியது. இறங்கிய வேகத்தில் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் திரும்பி வந்து, குண்டான்மேலும் கோணிமேலும் ஜம்புலிங்கத்தின் வேட்டிமேலும் தெளித்தது.

“அக்கா!” என்று இருமலுக்கு நடுவே அலறினாள். “தெரிஞ்சேதானே குடிக்க வச்சீங்க!”

“சாட்சி பலமா இருக்கணும்ல.”

விசாலாட்சி டம்ளரில் மிச்சமிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு மெல்லத் தலையை நிமிர்த்திக் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஜம்புலிங்கம் நின்றபடியே அரையடி குட்டையானார்.

“நான்தான்” என்றார். “நீங்க ரெண்டு பேரும் கோயிலுக்குப் போயிருந்த அன்னைக்கு. தினம் ஒரு பிளாஸ்க்கா கொண்டாந்து பின்பக்கம் டின்னுல சேத்து வச்சிருந்தேன். அடுக்களைப் பாத்திரம் எதுல காய்ச்சுனாலும் நீ கண்டுபிடிச்சிருவே. பரண்ல இருந்தது மருமக குண்டான்தான். அன்னைக்குன்னு பாத்து மெயின்லேண்டு பேப்பர் கட்டு வந்துச்சு. கப்பல் தவறுனதால ஏகப்பட்ட பேப்பர். ஒவ்வொண்ணாப் படிச்சுட்டே இருந்தேனா... நெடி வந்தப்புறம்தான் ஓடுனேன். மணலைப் போட்டுத் தேச்சேன். போகல. உப்பு ஆசையும் போகல, மறுபடி டின்னுல சேக்க ஆரம்பிச்சுட்டேன்.”

“அதான் அப்படியே பரண்ல வச்சுட்டு, நூலோட எங்க கடைக்கு வந்தீங்களா?” சபீஹாவுக்கு இருமல் நின்று சிரிப்பு வந்துவிட்டது. “தாய்மாமன் பேருல நீங்களே அன்பளிப்பா? நான் உங்களைப் பெரிய திருடன்னு நினைச்சு, பாதி மலை ஏறுற வரைக்கும் தூக்குல போட்டுட்டேன் சார்!”

“மாத்தி வச்சுட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். அதுக்குள்ள இவ குண்டானை இறக்கிட்டா.”

“அந்தப் பிள்ள இத்தனை நாளா அழுதாளே” என்றார் விசாலாட்சி. குரலில் கோபம் இருந்தது, ஆனால் பாதிதான். “வாயைத் திறந்தியளா?”

“டிக்கெட் எடுக்கலையே விசாலம். என்னால முடிஞ்சது அதான். தினம் போய் கவுன்டர் முன்னால நின்னுட்டு வந்தேன்.”

ஜெயலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மறுபடி அழுகிறாள் என்றுதான் சபீஹா முதலில் நினைத்தாள். தோள் குலுங்கிய விதம் வேறு மாதிரி இருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்; மாமியாரும் மாமனாரும் அப்படித் திரும்பிப் பார்த்தார்கள்.

விசாலாட்சி குண்டானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மிச்சப் புளியை எடுத்து, நீலாவதி விட்ட இடத்திலிருந்து தானே தேய்க்கத் தொடங்கினார்.

“ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கக் கூடாதா? கடலைப் போய்த் தூக்கிட்டு வருவாகளா ஒரு மனுஷன்?”

“எந்த வாயால கேப்பேன்?” ஜம்புலிங்கம் தரையைப் பார்த்தபடி சொன்னார். “உனக்கு ஒரு வியாதியும் இல்ல. எனக்காக நீயும் எதுத்தாப்புல உக்காந்து அதே சப்புச் சோத்தைத் திங்கே. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. நான் எப்படி, எனக்கு மட்டும்னு...”

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

சபீஹா ஏதோ சொல்ல வந்தாள். இந்த முறை முழங்கை வருவதற்கு முன்பே தானாக வாயை மூடிக்கொண்டாள்.

“விசாலம், அந்தப் பிள்ளையக் கப்பல்ல ஏத்தாதே.”

“ஏத்தல” என்றார் விசாலாட்சி. “ஏத்தினா நம்ம மவன் வந்து என்னையில்லா ஏத்துவான்! ஏட்டி ஜெயா, அந்த நார்த்தங்காயை எடுத்துட்டு வந்து அடுக்களையில வை. பெட்டியில வச்சா சேலையெல்லாம் நாறும்.”

ஜெயலட்சுமி உள்ளே ஓடினாள். ஜம்புலிங்கம் நகரவில்லை. குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“இன்னும் என்ன?” என்றார் விசாலாட்சி.

அவர் பூஜை அலமாரியைப் பார்த்தார். மனைவியின் இடுப்புச் சாவியைப் பார்த்தார். துடைத்த இடத்தில் பளபளத்த குண்டானையும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ரசத்துல மட்டும்... ஒரே ஒரு கல்லு உப்பு போடுதியா?”